பிரிவேரிகேட்டர்: பிடிகொடுக்காமல் பேசுபவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் – பொருள் என்ன, வேர் எது?

வினாக்குறி (இழையைத் தொடங்கியவர்)

தமிழாக்க வேண்டிய ஒரு விசாரணை அறிக்கையில் சாட்சி ஒருவரை ‘பிரிவேரிகேட்டர்’ (prevaricator) என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அகராதிகளில் ‘பொய்யர்’, ‘புரட்டர்’, ‘மழுப்புபவர்’ என்று மூன்று பொருள் கிடைக்கின்றன. மூன்றும் ஒன்றில்லை. பொய்யர் என்று போட்டால் அந்தச் சாட்சி மேல் அறிக்கை சுமத்தாத குற்றத்தை நாம் சுமத்தியதாகிவிடும். மழுப்புபவர் என்றால் சொல்லின் கனம் குறைந்துவிடுமோ என்று தோன்றுகிறது.

வேரைப் பிடித்தால் பொருள் தெளியும் என்பதால் கேட்கிறேன். ‘மாறுதல்’ என்று பொருள்படும் ‘வேரி’ (vary) என்ற ஆங்கில வினைக்கும் இதற்கும் உறவு உண்டா? முன்னால் நிற்கும் ‘பிரி’ என்பது ‘முன்’ என்ற பொருளில்தான் வருகிறதா?

---

சொல்வேர்

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில்.

இது இலத்தீனின் ‘ப்ரைவாரிகாரி’ என்ற வினையிலிருந்து வந்தது. நடுவில் இருப்பது ‘வாரிகாரே’, அதாவது காலை அகட்டி வைத்து நிற்பது, அகட்டி நடப்பது. அதற்கும் அடியில் ‘வாருஸ்’ என்ற பெயரடை: கால் கோணலானவர், வளைந்த காலர். ‘ப்ரை’ என்ற முன்னொட்டுக்கு இங்கே காலத்தில் முந்தியது என்ற பொருள் கிடையாது. தாண்டிப் போவதையும், வினையின் அழுத்தத்தையும்தான் அது காட்டுகிறது. ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நேராக நடக்காமல் காலை அகட்டிக் கோணிப் போவது’.

நீங்கள் கேட்ட ‘வேரி’ வேறு குடும்பம். அது ‘பலவகையான’ என்று பொருள்படும் ‘வரியுஸ்’ வழி வந்தது. உயிரின் அளவைப் பாருங்கள்: வாருஸில் நெடில், வரியுஸில் குறில். இலத்தீனில் குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும். தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, ‘வரி’யும் ‘வாரி’யும் நமக்கு வேறுவேறுதானே.

இந்தக் குழப்பம் பழையது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சட்ட அறிஞர் லாபியோவே இதை ‘வரியுஸ்’ பக்கம் இழுத்து, ‘மாறிமாறி வழக்காடுவது’ என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியான், லாபியோவின் விளக்கத்தைப் பதிவு செய்தாலும், முதலில் வைப்பது ‘வாரிகாத்தோர் போன்றவர்’, அதாவது காலை அகட்டி நிற்பவர் போன்றவர் என்ற விளக்கத்தைத்தான். இன்றைய சொற்பிறப்பியல் உல்பியான் பக்கமே நிற்கிறது.

---

காற்புள்ளி

இன்னொரு தவறான வேரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ‘உண்மை’ என்று பொருள்படும் இலத்தீன் ‘வெரித்தாஸ்’ இதில் இருப்பதாக நினைத்து, நடுவில் ஆங்கில ‘ஏ’ (a) எழுத்து வர வேண்டிய இடத்தில் ‘ஈ’ (e) போட்டு எழுதுபவர்கள் நிறையப் பேர். உண்மைக்கு முன்னால் நின்று மறைப்பவன் என்று பொருள் பொருந்துவது போலவே இருக்கும், ஆனால் வேர் அதுவல்ல. கோணல் கால் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் எழுத்துப் பிழை வராது.

உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில்: பிரி-வே-ரி-கேட். முதல் அசையை அழுத்தினால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது.

---

மேழி

கோணல் கால் எப்படி வஞ்சகத்தைக் குறிக்க வந்தது என்பதற்கு இடையில் ஓர் ஏர் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ என்ற படைப்பின் 18ஆம் நூலில் உழவைப் பற்றி எழுதும்போது, உழுபவன் குனியாவிட்டால் ‘ப்ரைவாரிகாத்துர்’, அதாவது சால் கோணிவிடும் என்கிறார். அடுத்த வரியிலேயே, இந்தக் குற்றப்பெயர் வயலிலிருந்துதான் வழக்குமன்றத்துக்குப் போனது என்றும் சொல்கிறார்.

ஏன் குனிய வேண்டும்? அன்றைய எளிய ரோமானிய ஏர் மண்ணைக் கீறிப் போகும் வகை. மண்ணைப் புரட்டும் பலகை அதில் இல்லை. கொழு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மேழியின் மேல் உழுபவன் கொடுக்கும் எடைதான் தீர்மானிக்கும். நிமிர்ந்து நின்றால் எடை குறையும், கொழு மேலெழும்பும், கெட்டி மண்ணைச் சந்தித்ததும் பக்கவாட்டில் வழுக்கும். ஒரு சால் கோணினால் அடுத்த சாலும் அதை ஒட்டியே கோணும், நடுவில் உழாத மண் திட்டாக நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏர் ஓடிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரியும். வேலை நடப்பது போலவே இருக்கும், நிலம் உழப்பட்டிருக்காது.

இதே வயலிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு சொல் ‘டெலீரியம்’, காய்ச்சல் பிதற்றல். ‘லீரா’ என்றால் உழவுச் சாலின் வரப்பு, ‘தெலீராரே’ என்றால் அந்த வரியை விட்டு விலகுவது. புத்தி சாலை விட்டு விலகினால் பிதற்றல், நாணயம் கோணினால் பிரிவேரிகேஷன்.

---

சட்டப்பலகை

மேழி சொன்ன ‘வேலை நடப்பது போலவே இருக்கும்’ என்பதுதான் ரோமானியச் சட்டத்தில் இந்தக் குற்றத்தின் சாரம்.

பின்னணி இது. ரோமானியக் குடியரசுக் காலத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்று ஒருவர் கிடையாது. குடிமகன் ஒருவன் முன்வந்து குற்றம் சாட்டினால்தான் வழக்கு. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி நிறுத்த முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குற்றவாளிக்கு ஒரு வழி திறக்கிறது: தன் நண்பனையே குற்றம் சாட்ட வைப்பது. அவன் மேடையில் முழங்குவான், சான்றை மட்டும் வெளியே எடுக்க மாட்டான். விடுதலை கிடைக்கும், அது நிரந்தரமாகவும் இருக்கும்.

இப்படிச் செய்பவன்தான் ப்ரைவாரிகாத்தோர். எதிராளியோடு கைகோத்துக்கொண்டு, தன்னிடம் இருக்கும் சான்றுகளை மறைத்து, எதிராளியின் பொய்ச் சமாதானங்களை ஒப்புக்கொண்டு, குற்றம் சாட்டும் கடமையைப் பெயருக்குச் செய்து முடிப்பவன் என்று 533இல் வெளியான, பேரரசர் ஜஸ்டீனியனின் டைஜெஸ்ட் என்ற சட்டத் தொகுப்பின் 48ஆம் நூல் வரையறுக்கிறது. அந்த வழக்கு கூட்டுச் சதி என்று நிரூபணமானால் விடுதலைத் தீர்ப்பு கேடயமாக நிற்காது, குற்றவாளி மேல் மறுபடி வழக்குத் தொடுக்கலாம்.

கி.மு. 70இல் சிசிலியின் முன்னாள் ஆளுநர் வெர்ரெஸ் மேல் வழக்குத் தொடுக்க, பேச்சாளர் சிசரோவும் கைகிலியுஸ் என்பவரும் போட்டியிட்டார்கள். கைகிலியுஸ் அதே வெர்ரெஸின் கீழ் நிதி அதிகாரியாக இருந்தவர். ‘இவர் கையில் வழக்கைக் கொடுத்தால் வழக்கு உள்ளிருந்தே சாகும்’ என்பதே சிசரோவின் வாதத்தின் அடிநாதம். நீதிமன்றம் சிசரோவைத் தேர்ந்தது.

டைஜெஸ்டின் அதே 48ஆம் நூலில் மார்கியானுஸ் என்ற சட்ட அறிஞரின் ஒரு வாக்கியம் இருக்கிறது. குற்றம் சாட்டுபவர்களின் கயமை மூன்று வகை என்கிறார். பொய்க் குற்றம் சுமத்துவது ‘கலும்னியாரி’. மெய்க் குற்றத்தை மறைப்பது ‘ப்ரைவாரிகாரி’. வழக்கையே கைவிட்டுத் திரும்புவது ‘தெர்கிவெர்சாரி’. மூன்றுமே பின்னால் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டன: கேலம்னி, பிரிவேரிகேட், டர்ஜிவர்சேட். ஒரே சட்ட வரியில் பிறந்த உடன்பிறப்புகள் இன்று தனித்தனி வீட்டில் இருக்கின்றன.

---

வினாக்குறி

அப்படியானால் கட்சிக்காரரை எதிர்த்தரப்பிடம் விற்றுவிடும் வழக்கறிஞர்தான் மூலப் பொருள் என்று எடுத்துக்கொள்ளலாமா? பல ஆங்கில அகராதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

---

சட்டப்பலகை

பேச்சு வழக்கில் சரி, சட்டத்தில் சரியில்லை. உல்பியான் இதைத் தனியாகப் பிரித்தே சொல்கிறார் (டைஜெஸ்ட் 47ஆம் நூல், 15ஆம் தலைப்பு). பொதுக் குற்ற வழக்கில் குற்றம் சாட்டியவனையே ப்ரைவாரிகாத்தோர் என்பது முறை, வழக்கறிஞரை அப்படி அழைப்பது முறையான வழக்கு அல்ல என்கிறார். வழக்கைக் காட்டிக்கொடுத்த வழக்கறிஞருக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது வழக்கமான விசாரணை முறைக்கு வெளியே தனியாக விதிக்கப்படுவது.

இந்த வேறுபாடு உங்கள் மொழிபெயர்ப்புக்கு நேரடியாக உதவாமல் போகலாம். ஆனால் சொல்லின் உயிர் இதில்தான் இருக்கிறது. பொய் சொல்வது இங்கே குற்றம் அல்ல, மெய்யை வெளியே எடுக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு எடுக்காமல் விடுவது குற்றம்.

---

மொழிபெயர்ப்பு மேசை

அந்தப் பொருள் ஆங்கிலத்தில் எப்படித் தேய்ந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

ரோமானிய மன்றத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் இலத்தீன் விவிலியம் நிற்கிறது. ரோமர் 2:25இல் ‘சட்டத்தை மீறுபவன்’ என்ற இடத்தில் இலத்தீனில் இருப்பது ப்ரைவாரிகாத்தோர். அங்கே கூட்டுச் சதி இல்லை, நேர்வழியை விட்டு விலகுவது மட்டும்தான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த ‘பிரிவேரிகேஷன்’ இந்த ‘மீறல்’ என்ற பொருளோடுதான் வந்தது. பேச்சில் நழுவுவது என்ற இன்றைய பொருள் 17ஆம் நூற்றாண்டில் காலூன்றியது. நடையில் கோணல், உழவில் கோணல், வழக்கில் கோணல், அறத்தில் கோணல், கடைசியில் பேச்சில் கோணல்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தால் சொற்கள் பிரிந்து நிற்கும். கேள்வி: ‘அந்த அறிக்கையைப் பார்த்தீர்களா?’ பதில் சொல்பவர் அட்டையை மட்டும் பார்த்தவர்.

‘முழுக்கப் படித்தேன்’ என்றால் பொய்.

‘பார்த்தேன்’ என்றால் ஈக்விவொகேஷன். கண்ணில் பட்டதும் பார்த்ததுதான், படித்து ஆராய்ந்ததும் பார்த்ததுதான். இரு பொருளில் ஒன்று மெய், கேட்பவர் மற்றதை எடுத்துக்கொள்கிறார். ‘சமமான குரல்’ என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். இரண்டு பொருளும் ஒரே குரலில் ஒலிக்கின்றன.

‘எங்கள் பிரிவுக்கு வரும் எந்த அறிக்கையையும் நாங்கள் அலட்சியப்படுத்துவதில்லை’ என்றால் பிரிவேரிகேஷன். ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருக்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

நேற்று ‘பார்த்தேன்’ என்றவர் இன்று ‘எனக்கு அது வரவேயில்லை’ என்றால் டர்ஜிவர்சேஷன். முதுகைத் திருப்புவது என்பது அதன் வேர். தமிழில் நமக்கு ‘புறங்காட்டுதல்’ ஏற்கெனவே இருக்கிறது, எலும்பும் சதையுமாக அதே உருவகம்.

ஆக, ஓர் ஆவணத்தில் ‘பிரிவேரிகேட்டர்’ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது: அவர் சொன்னதில் பொய்யென்று நிரூபிக்கப்பட்ட கூற்று ஒன்றாவது உண்டா? இல்லையென்றால் ‘பொய்யர்’ போடவே கூடாது. பொய்ச்சாட்சி என்பது தனிக் குற்றம். மூலத்தை எழுதியவர் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு இதைப் போட்டிருக்கிறார் என்றால், காரணத்தோடுதான் போட்டிருப்பார்.

---

காற்புள்ளி

இலக்கணத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. இது செயப்படுபொருள் ஏற்காத வினை. ஆங்கிலத்தில் ‘கேள்வியை இவேட் (evade, தவிர்ப்பது) செய்தார்’ என்று எழுதலாம், ‘கேள்வியைப் பிரிவேரிகேட் செய்தார்’ என்று எழுத முடியாது. நடுவில் ‘எபவுட்’ அல்லது ‘ஓவர்’ வேண்டும். தமிழாக்கும்போது இது நமக்கு வசதி: ‘கேள்வியை மழுப்பினார்’ என்பதைவிட ‘கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொன்னார்’ என்பதே மூலத்துக்கு நெருக்கம்.

அடிக்கடி நடக்கும் பெரிய தவறு வேறொன்று. ‘புரோகிராஸ்டினேட்’ என்று சொல்ல நினைத்து இதைச் சொல்வது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ‘முடிவெடுக்காமல் காலங்கடத்துவது’ என்ற பொருளில் பிரிவேரிகேட்டைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ‘ப்ர’வில் தொடங்கி ‘ஏட்’டில் முடிவதால் வந்த வினை. புரோகிராஸ்டினேட்டுக்குள் இருப்பது ‘கிராஸ்’, நாளை. நாளைக்குத் தள்ளிப்போடுவது அது. பிரிவேரிகேட்டர் எதையும் தள்ளிப்போடுவதில்லை, உடனே பதில் சொல்வார். எனவே மூலத்தில் ‘குழு மூன்று மாதம் பிரிவேரிகேட் செய்தது’ என்று வந்தால் எழுதியவர் எதை நினைத்தார் என்று சுற்றியுள்ள வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

மேழி

காலை வைத்தே இத்தனை சொற்களா என்று வியப்பாக இருக்கிறது. ‘ஷஃபிள்’ என்றால் காலை இழுத்து நடப்பது, அதற்கும் நழுவல் பேச்சு என்ற பொருள் வந்திருக்கிறது. பூனைப் பாதம் வைத்து நடப்பதைச் சொல்லும் ‘புஸிஃபுட்’டும் நிலைப்பாட்டைச் சொல்லாமல் ஒதுங்குவதைக் குறிக்கிறது.

---

சொல்வேர்

புஸிஃபுட் அமெரிக்கச் சொல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. மதுவிலக்குச் சட்டத்தை அமல்படுத்திய வில்லியம் யூஜின் ஜான்சனுக்கு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் விஷயத்தில் அது ஓசையில்லாமல் போய்ப் பிடிப்பதைச் சொன்னது, நழுவுவதை அல்ல.

‘ஷிஃப்டி’ இன்னும் சுவையானது. 16ஆம் நூற்றாண்டில் அது பாராட்டு: எந்த இக்கட்டிலும் வழி கண்டுபிடிப்பவர், சமயோசிதக்காரர். 19ஆம் நூற்றாண்டில் நம்பத்தகாதவர் ஆகிவிட்டார். அதனால் பழைய நூல்களில் ஷிஃப்டி வந்தால் ஆண்டைப் பார்க்காமல் தமிழாக்கக் கூடாது.

பிரிவேரிகேட்டருக்கும் ஒரு விலகிய பொருள் உண்டு. 17ஆம் நூற்றாண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாக்களில் கேலியும் இரட்டைப் பேச்சுமாகச் சொற்பொழிவாற்றப் பொறுப்பேற்றவரின் பதவிப் பெயரே ‘பிரிவேரிகேட்டர்’. ஆக்ஸ்போர்டில் அதே வேலைக்கு ‘தெர்ரே ஃபிலியுஸ்’, மண்ணின் மைந்தன். அந்தக் காலக் கடிதங்களில் ‘இவ்வாண்டின் பிரிவேரிகேட்டர்’ என்று வந்தால் அது வசை அல்ல.

---

வினாக்குறி

பெயர்ச்சொல்லாகத் தமிழில் எதை வைப்பது? ‘மழுப்புபவர்’ வாக்கியத்தில் உட்கார மறுக்கிறது. ‘விலாங்கு’ என்று போடலாமா? பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது ரோமானியப் பொருளுக்கு அப்படியே பொருந்துகிறதே.

---

மொழிபெயர்ப்பு மேசை

ரோமானியப் பொருளுக்கு விலாங்கைவிடச் சிறந்த சொல் கிடைக்காது, அதில் எனக்கு ஐயமே இல்லை. இரு பக்கமும் ஆள் வைத்துக்கொள்பவன், அகட்டிய இரண்டு காலும் வேறு வேறு கரையில். பண்டைச் சட்ட வரலாற்றைத் தமிழில் எழுதினால் தயங்காமல் போடுங்கள்.

ஆனால் இன்றைய விசாரணை அறிக்கைக்குப் பொருந்தாது. விலாங்கு இரண்டு தரப்புக்கும் நல்லவனாக நடிப்பவன். உங்கள் சாட்சி எந்தத் தரப்புக்கும் நடிக்கவில்லை, கேள்விக்கு நடுவே புகுந்து வெளியேறுகிறார். ‘மதில்மேல் பூனை’யும் இதே காரணத்தால் சரிவராது, அது இன்னும் முடிவெடுக்காதவருக்கு. ‘சாக்குப்போக்கு’ செய்யாததற்குக் காரணம் சொல்வது. ‘பூசி மெழுகுதல்’ அருகில் வருகிறது, ஆனால் அதில் நடந்த தவறை மறைப்பது என்ற பொருள் முன்நிற்கிறது, அதையும் அறிக்கை சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ் இந்த இடத்தில் வினையாகப் பேசும் மொழி. பெயர்ச்சொல்லைத் தேடி மல்லுக்கட்ட வேண்டாம். ‘அவர் ஒரு பிரிவேரிகேட்டர்’ என்பதை ‘எந்தக் கேள்விக்கும் அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை’ என்று விரித்தால் கனமும் குறையாது, பழியும் கூடாது.

---

சட்டப்பலகை

ஓர் எச்சரிக்கை. மூலம் ஆங்கிலமாக இருந்தாலும், அது ஸ்பானிய ஆவணத்தின் ஆங்கில ஆக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ‘ப்ரெவாரிகாசியோன்’ என்பது மழுப்பல் அல்ல, தண்டனைச் சட்டத்தில் இருக்கும் குற்றம். அநீதி என்று தெரிந்தே தன்னிச்சையான உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரி மீது 404ஆம் பிரிவு பாய்கிறது. நீதிபதிகளுக்குத் தனிப்பிரிவுகள் இருக்கின்றன. பிரேசில் தண்டனைச் சட்டத்தின் 319ஆம் பிரிவில் அதே சொல், சொந்த நலனுக்காகவோ உணர்ச்சிக்காகவோ கடமையைத் தாமதிக்கும் அல்லது செய்யாமல் விடும் அரசு ஊழியருக்கு. இத்தாலிய மொழியில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி அடக்குவது. அந்த மொழிகளெல்லாம் ரோமானியச் சொல்லின் ‘கடமைத் துரோகம்’ என்ற பாதியைப் பிடித்துக்கொண்டன, ஆங்கிலம் ‘கோணல் நடை’யைப் பிடித்துக்கொண்டது.

அவசரத்தில் ‘நீதிபதி மழுப்பியதாகக் கைது’ என்று தமிழில் செய்தி வருவது இப்படித்தான்.

---

வினாக்குறி

சரிபார்த்தேன், மூலமே ஆங்கிலம்தான். அறிக்கையின் இணைப்பில் சாட்சியின் பதில்களும் இருக்கின்றன. நான்கு கேள்விகளுக்கு நேர்ப்பதில் இல்லை, பொய்யென்று நிறுவப்பட்ட கூற்றும் இல்லை. இப்படி வைத்திருக்கிறேன்: ‘கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் சாட்சி பிடிகொடுக்கவில்லை, சுற்றிவளைத்துப் பேசி மழுப்பினார்.’

---

காற்புள்ளி

‘சுற்றிவளைத்துப் பேசி’யை எடுத்துவிடுங்கள். நீளமாகப் பேசினார் என்ற செய்தி மூலத்தில் இருந்தால் தவிர அது நீங்கள் சேர்த்ததாகிவிடும். ஒற்றை வரியிலும் மழுப்ப முடியும். ‘நேர்ப்பதில் சொல்லாமல் மழுப்பினார்’ போதும்.

---

வினாக்குறி

எடுத்துவிட்டேன்.